மண் தின்னாத மூன்று துணிகள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். எல்லாருக்கும் அவள் துணிக்காரி. துணி விற்கிறவளும் இல்லை, தைக்கிறவளும் இல்லை. துணியைப் புதைக்கிறவள்.

விவசாய அலுவலகத்தில் மண்ணைப் பார்த்துச் சொல்கிற உத்தியோகம் அவளுக்கு. ஒரு நிலத்துக்கு உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிய வேண்டுமானால் சாண் அளவுக்குச் சதுரமாக வெட்டிய வெள்ளைப் பருத்தித் துணியை எடை போட்டு, ஒரு சாண் ஆழத்தில் படுக்க வைத்து மூடிவிடுவாள். அறுபது நாள் கழித்துத் தோண்டுவாள். கண்ணுக்குத் தெரிகிற புழுவும் தெரியாத கிருமியும் சேர்ந்து அந்தத் துணியைத் தின்றிருந்தால் நிலம் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு தின்றதோ அவ்வளவு உயிர். துணி அப்படியே கிடந்தால் அது செத்த நிலம். இதற்குப் பெரிய பெரிய இயந்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இயந்திரம் கொடுக்கிற காகிதத்தை எந்த விவசாயியும் நம்புவதில்லை. கந்தலைக் கண்ணால் பார்த்தால் நம்புகிறான். அதைக் கண்டுகொண்டதுதான் அவள் கெட்டிக்காரத்தனம்.

இந்த உத்தியோகம் அவளுக்கு வானத்திலிருந்து விழவில்லை. அவள் அப்பா மருந்தடிக்கிறவர். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டங்களில் வரிசை வரிசையாகப் போய்த் தெளித்துவிட்டு வருவார். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்த நீலத் தண்ணீர். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட நீலமாக இருக்கும். "மருந்தைச் சுமக்கிறவளா ஆயிடாதே பாப்பா. மருந்தை எழுதிக் கொடுக்கிறவளா ஆயிடு" என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை விவசாயம் படிக்க அனுப்பினார். இரண்டு வருஷப் படிப்பில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பா தோட்டத்தில் விழுந்துவிட்டார் என்று தகவல் வந்தது. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு முந்தின வருஷமே நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கிறது என்றாராம். அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அலமாரிக்கு அடியில் விரித்துவிட்டார், கறையான் வராமல் இருக்க.

அவள் முதலில் போன வேலை மண் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவுகிறது. மண் எதில் எல்லாம் வரும் தெரியுமா? செருப்புப் பெட்டியில் வரும், இருமல் மருந்து பாட்டிலில் வரும். ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அப்படியே மேஜைமேல் கவிழ்த்தார், கூடவே பீடித் துண்டும் விழுந்தது. அதையும் பரிசோதித்துச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டாள். அந்த வாய் அப்பா வழியில் வந்த வாய், அவர்கள் வீட்டில் பெண்களுக்கு எல்லாம் அப்படித்தான். பகலில் குப்பி கழுவி, மாலையில் படித்து, ஆறு வருஷத்தில் பட்டம் வாங்கினாள். மருந்து எழுதிக் கொடுக்கிற நாற்காலியும் கிடைத்தது. உட்கார்ந்து ஒரு வருஷம் எழுதியும் கொடுத்தாள். ஒருநாள், இதை யாரோ முதுகில் சுமக்கத்தானே எழுதுகிறோம் என்று கை நின்றுவிட்டது. அதன்பிறகு அவள் எழுதியதெல்லாம் மருந்தை எப்படிக் குறைக்கலாம், மண்ணை எப்படி மீட்கலாம் என்பதுதான். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விரட்டவும் காரணம் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் அத்தை வருகிறாள்.

அப்பாவோடு கூடப் பிறந்தது ஒரே அக்கா. அக்காவைக் கட்டிக் கொடுத்த இடம் வசதியான இடம், தம்பி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார். ஆறு ஏக்கர் திராட்சைத் தோட்டம் அக்காவுடையது. அதற்கு மருந்தடித்துக்கொண்டிருந்தது தம்பி. விழுந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அந்த வருஷமே அத்தை கொடியை எல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். மக்காச்சோளம் போட்டாள், கிடைத்த உரத்தை எல்லாம் கொட்டினாள். பத்து வருஷத்தில் நிலம் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தால் மேலேயே நின்று ஆவியாகப் போகும்.

அப்போதுதான் அந்த மண்ணை விலைக்குக் கேட்டுச் சூளைக்காரர் வந்தார். செங்கல் சூளை வைத்திருக்கிறவர். நாலடி ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டுவிட்டுப் போவார். அப்படி எடுத்த நிலத்தில் மூன்று தலைமுறைக்குப் புல் வளராது. துணிக்காரி ஓடிப்போய் அத்தை வாசலில் நின்றாள்.

"எனக்கு மூணு வருஷம் குடுங்க அத்தை. பயறு விதைச்சு மடக்கி உழுது, சாணக் கரைசல் விட்டு, சோளத் தட்டையை அங்கேயே மண்ணு மேல மூடாக்காப் பரப்பி மீட்டுக் காட்டறேன்."

"நீ மீட்பே மருமகளே. மீண்டுச்சா இல்லையான்னு எனக்கு யாரு சொல்றது? நீயே சமைச்சு நீயே ருசி பாத்து, நல்லாருக்குன்னு சொல்லுவே."

"துணி சொல்லும்."

அத்தைக்கு அது பிடித்துப்போனது. "சரி. மூணாவது வருஷக் கடைசியில துணியையே கேப்போம். மண்ணு தின்னுச்சுன்னா நிலம் உன் இஷ்டப்படி நடக்கட்டும். தின்னலேன்னா சூளைக்காரருக்கு. அப்புறம் என் வாசல்ல வந்து அழப்படாது."

மூன்று வருஷம் அவள் அந்த ஆறு ஏக்கரில் பட்ட பாட்டைச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும். முதல் வருஷம் விளைச்சல் பாதியானது, ஊர் அவளைக் குப்பைக்காரி என்றது. இரண்டாம் வருஷம் மண் கொஞ்சம் இளகியது. மூன்றாம் வருஷம் காலையில் போய்ப் பார்த்தால் மண்ணின்மேல் மண்புழு கக்கிய சின்னச் சின்னக் குவியல்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து அவற்றை எண்ணினாள், பிள்ளைக்குப் பல் முளைத்ததை எண்ணுகிற மாதிரி.

துணி வைக்கிற காலம் வந்தது. வழக்கமாகத் துணியை வெட்டுவது அம்மாதான். மண்ணுக்குள் மை நிற்காது என்பதால் ஒவ்வொரு துணியின் மூலையிலும் நைலான் நூலில் முடிச்சுப் போடுவாள். ஒன்றாம் நம்பருக்கு ஒரு முடிச்சு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. துணி போனாலும் முடிச்சு மிஞ்சும். அந்த முறை துணிக்காரி நாலு நாள் வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தபோது பன்னிரண்டும் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரிப் பெட்டி போட்டு அடுக்கி வைத்திருந்தது. எடை போட்டாள். மூன்று துணி மட்டும் ஒரு சிட்டிகை கூடுதலாக இருந்தது. அம்மா நீலத்தைத் தாராளமாக விட்டிருப்பாள் என்று நினைத்து, எடையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மேலே போனாள்.

எங்கே புதைப்பது என்பதையும் அவள் தன் இஷ்டத்துக்கு விடுவதில்லை. கை நல்ல இடத்தைத்தான் தேடும் என்பாள். நிலத்தை அறுபது கட்டமாகப் பிரித்து, சீட்டு எழுதித் தகர டப்பாவில் குலுக்கி, வந்த பன்னிரண்டு கட்டத்தில் வைத்தாள். எந்தத் துணி எந்தக் கட்டத்துக்கு என்பதற்கும் சீட்டுத்தான்.

அறுபதாம் நாள் திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி வெயிலில் அத்தை வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சூளைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார். களை எடுக்கிற பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா வரவில்லை. கணவர் விழுந்த பிறகு அந்த நிலத்தில் அவள் கால் வைத்ததே இல்லை.

முதல் குழி. கையால் மண்ணை விலக்கினாள். துணியே இல்லை. ஐந்து முடிச்சுப் போட்ட நைலான் நூல் மட்டும் கிடந்தது, அதைச் சுற்றி இரண்டு புழு நெளிந்தது. அடுத்ததில் சிலந்திவலை மாதிரி நாலு இழை. அதற்கடுத்ததிலும் முடிச்சு மட்டும்.

"பரவாயில்லையே! என் மருமகனைவிட நல்லாத் திங்குதே" என்றாள் அத்தை. பெண்கள் சிரித்தார்கள். சூளைக்காரர்கூடச் சிரித்தார்.

ஒன்பது குழி அப்படித்தான். பத்தாவது, கிணற்றுப் பக்கத்துக் கட்டம். அவள் கை மண்ணுக்குள் போய் நின்றது. மண்ணே வேறு மாதிரி இருந்தது. ஈரம் இருக்கிறது, பதம் இருக்கிறது, ஆனால் ஒன்றும் அசையவில்லை. புழு இல்லை, எறும்பு இல்லை, ஒரு வேர் நுனிகூட இல்லை. துணியின் ஓரம் விரலில் பட்டது. பிடித்து இழுத்தாள்.

முழுசாக வந்தது. வெள்ளை வெளேரென்று, இப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த மாதிரி. பெட்டி போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை.

அவள் அடுத்த குழிக்குப் போனாள். முழுசாக வந்தது. கடைசிக் குழி. அதுவும். மூன்றையும் வரப்பில் விரித்தபோது களை எடுக்கிற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருத்தி, "அதைத் தொடாதீங்கம்மா" என்று மெல்லச் சொன்னாள்.

சூளைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு இந்த மாதிரி மண்ணுதாங்க வேணும். புழு இருந்தா செங்கல்லுல ஓட்டை விழும்" என்றார்.

அத்தை அவரைக் கவனிக்கவே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். மூன்று குழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். மூன்றும் ஒரே வரிசையில், அடுத்தடுத்த கட்டத்தில் இருந்தன.

"இந்த இடத்தை யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் சொல்லல அத்தை. சீட்டுல வந்துது."

"பொய் சொல்லாதே. உங்கம்மாவுக்கே தெரியாது இது. அன்னிக்கு நான் மட்டும்தான் இங்க இருந்தேன்." அத்தையின் குரல் சன்னமாகிவிட்டது. முதல் குழியைக் காட்டினாள். "இங்கதான் முதல்ல தடுமாறினான்." இரண்டாவதைக் காட்டினாள். "இங்க டேங்கைக் கழட்டி வெச்சான். அவன் வேலை நடுவுல டேங்கைக் கழட்டி நான் பாத்ததே இல்ல." மூன்றாவதைக் காட்டவில்லை. அதன் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான்.

துணிக்காரி மூன்று குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். படித்த படிப்பு எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"என் தம்பியைத் தின்ன மண்ணு, வேற எதையும் திங்க மாட்டேங்குது" என்றாள் அத்தை. சூளைக்காரரைப் பார்த்து, "புதன்கிழமை காலையில காகிதத்தோட வாங்க. மொத்தத்தையும் வாரிட்டுப் போங்க. எனக்கு இது கண்ணுல படவே கூடாது."

"அத்தை, ஒன்பது குழியில..."

"ஒன்பதைப் பத்தி யாரு பேசினா?"

அன்று பிற்பகலே அவள் மூன்று குழி மண்ணையும் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். அப்பா விழுந்தபோது டேங்க் கவிழ்ந்து துத்தம் அங்கே ஊறியிருக்கும், அதுதான் உயிர்களை அண்டவிடவில்லை என்று கணக்குப் போட்டாள். பயமாகவும் இருந்தது. துத்தம் என்பது செம்பு. மண்ணில் செம்பு ஏறிவிட்டால் லேசில் இறங்காது. அப்படியானால் அத்தை சொன்னதுதான் சரி, அந்த இடம் மீளாது. ஆனால் மண்ணில் செம்பு மற்ற கட்டங்களில் இருந்த அளவுக்குத்தான் இருந்தது. பழைய திராட்சை நிலத்தில் இருக்கிற அளவு. இரண்டு முறை பார்த்தாள். அதேதான்.

மண்ணில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்த இடத்தில் எதுதான் உயிர்களை விரட்டியது? அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றதை அம்மா பார்த்தாள். "வேலைல பிரச்சினையா?" என்றாள். "துணி மக்கல" என்று மட்டும் சொன்னாள் மகள்.

மறுநாள் செவ்வாய், மத்தியானம். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தாள். முழுசாக வந்தவை இரண்டு, ஏழு, பன்னிரண்டு. புதைக்கும் முன்னால் சிட்டிகை எடை கூடுதலாக இருந்த மூன்றும் இரண்டு, ஏழு, பன்னிரண்டு.

பார்க்காத தவறில்லை, பார்த்துவிட்டுக் கடந்துபோன தவறு.

பக்கத்து மேஜையில் இருக்கிற மூக்குக்கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னாள். அவள் குப்பி கழுவின காலத்திலிருந்து கூட வேலை பார்க்கிறவர் அவர்.

"என்ன, பகல்லயே படம் காட்டப் போறியா?"

"பேசாம சாத்துங்க."

ஏழாம் நம்பரிலிருந்து நாலு இழை பிரித்தாள். அமிலத்தில் நனைத்து இடுக்கியால் பிடித்து அடுப்புச் சுடரில் காட்டினாள். சுடர் ஒரு கணம் தயங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் பச்சையாக எழுந்தது. இலைப் பச்சை இல்லை. பாசி பிடித்த கிணற்றுக்குள் வெயில் விழுந்தால் வருமே, அந்தப் பச்சை. சாத்தின அறையில் அவர் முகமும் அவள் கையும் அந்த நிறத்தில் தெரிந்தன. கண்ணாடிக்காரர் கேலியை மறந்துவிட்டு, "செம்பு" என்றார். "துணி பூரா செம்பு. இதை எவன் திம்பான்?"

துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் முழுக்க வரிசையாக ஊசித் துளை. மடித்துத் தைத்த ஓரத்தை யாரோ பொறுமையாகப் பிரித்திருக்கிறார்கள். மூக்கருகே கொண்டுபோனாள். மண் வாசனைக்கு அடியில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. சின்ன வயதில் அப்பா தூக்கிக்கொள்ளும்போது கழுத்தில் வருகிற வாசனை.

அன்று மாலை சமையலறையில் அம்மாவுக்கு முன்னால் மூன்றையும் விரித்தாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் கத்தி ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இது எங்கேர்ந்து வந்ததும்மா?"

"வெள்ளைத் துணிதானே."

"அம்மா."

"மூணு குறைஞ்சுதுடி. கடையில அந்தத் துணி இல்லேன்னுட்டான். நீயும் ஊர்ல இல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "உங்கப்பா மருந்தடிக்கும்போது மூஞ்சியில கட்டிப்பாரே, அந்தத் துணிங்க பெட்டியில கிடந்துது. பருத்திதான், வெள்ளைதான், அளவும் சரியா சாண் இருந்துது. கட்டற நாடாவை எடுத்துட்டு ஓரத்தைப் பிரிச்சேன். எத்தனை அலசினாலும் அந்த மருந்துச் சாயம் கொஞ்சம் இருக்கும். நீலம் போட்டதும் மறைஞ்சு போச்சு."

"அப்பா துணியைச் சேக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ வேண்டாம்னிருப்பே." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஒன்றும் இல்லாதபோதும். "அவர் உன்னைப் படிக்க வெச்சுட்டு, நீ வேலை பாத்து ஒரு நாள் பாக்கல. அவரும் உனக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அது தப்பா?"

துணிக்காரி மூன்று துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தாள். "மூணையும் சேத்தா வெச்சே?" என்று கேட்டாள்.

"இல்லையே. கலந்துதான் வெச்சேன். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. ஏன்?"

துணிக்காரி பென்சிலைத் தேடி எடுத்தாள். அறுபது கட்டத்தில் பன்னிரண்டு, பன்னிரண்டில் மூன்று. அந்த மூன்றும் அந்த வரிசையில் அந்த மூன்று இடத்தில் போய் விழ எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். துணி ஏன் மக்கவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அது ஏன் அங்கே போனது என்பதற்குக் கிடைக்கவில்லை. தகர டப்பாவைக் குலுக்கினது அவள் கைதான்.

புதன்கிழமை காலை, சூளைக்காரர் வருவதற்கு முன்னால் அவள் அத்தை வீட்டுச் சமையலறையில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை பால் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாக் கதை கட்டறே. உங்கம்மாவைச் சாட்சிக்கு வேற இழுத்துட்டே."

"நீங்களே பாருங்க." துணிக்காரி அமிலத்தில் நனைத்த இரண்டு இழைகளையும் இடுக்கியையும் அத்தை கையில் கொடுத்தாள். பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அத்தை அலட்சியமாகத்தான் நீட்டினாள். அடுப்புச் சுடர் பச்சையாக எழுந்து அவள் கண்ணாடி வளையலில் ஆடியது. அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழை தீர்ந்து, சுடர் பழைய நிறத்துக்குத் திரும்பிய பிறகும் இடுக்கியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கட்டிக்கிட்டுத்தானா மூச்சு விட்டான்?"

"ஆமா அத்தை."

"இது மருந்தை உள்ள விடாதுன்னு இல்ல நெனச்சோம்."

"கொஞ்சம் தடுத்திருக்கும். மீதி உள்ள போயிருக்கும்."

அத்தை உட்கார இடம் தேடினாள். மாவு டப்பாமேல் உட்கார்ந்தாள். "அன்னிக்கு மத்தியானமே அவன் போதும்க்கான்னான். மார்ல என்னமோ பண்ணுதுன்னான். மேகம் போட்டிருக்கு, பூஞ்சை வந்துடும், இன்னும் ஒரே ஒரு டேங்க் அடிச்சுட்டுப் போடான்னு நான்தான் சொன்னேன்." இடுக்கியைக் கீழே வைத்தாள். "அவன் மறு பேச்சுப் பேசல. அந்தத் துணியை எடுத்துக் கட்டிட்டுப் போனான்."

இதை அவள் அதுவரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

"ஆனா நீ ஒண்ணு சொல்லு மருமகளே. துணி சரி. அந்த மூணு இடம்?"

"அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல அத்தை."

"படிச்சவதானே நீ?"

"படிச்சதாலதான் இல்லேங்கறேன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சூளைக்காரர் காகிதத்தோடு உள்ளே வந்தார். அத்தை எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப இல்ல. இந்த மூணு துணியையும் அதே குழியில திரும்ப வெக்கப் போறோம். அது மக்கட்டும். மக்கினப்புறம் வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"எப்ப மக்கும்?"

"அவளைக் கேளுங்க."

"தெரியாதுங்க" என்றாள் துணிக்காரி. "பத்து வருஷம் ஆகலாம். இருபது ஆகலாம்."

"என்னம்மா விளையாடறீங்களா ரெண்டு பேரும்?"

"எழுதியே தர்றேன்" என்றாள் அத்தை. அவர் கொண்டுவந்த காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தாள். மூன்று துணியும் மக்கும் வரை இந்த நிலத்தில் ஒரு கூடை மண் வெளியே போகாது. மக்கினால் மறுபேச்சு இல்லை.

நிலம் தப்பியது. ஆனால் தப்பிய விதத்தைப் பாருங்கள். மண் எதையும் தின்னும்படி செய்வதுதான் அவள் பிழைப்பு. இப்போது அந்த மண் மூன்று துணியை மட்டும் தின்னக் கூடாது.

அறிக்கையில் அவள் ஒன்பது துணியைத்தான் சேர்த்தாள். மற்ற மூன்றும் தகுதியற்ற துணி, தவறு தன்னுடையது என்று எழுதினாள். மேலதிகாரி படித்துவிட்டு, "இதை எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். "எனக்குத் தெரியும்" என்றாள். அந்த ஒரு பக்கத்துக்காகவே வேறு ஊர்க்காரர்கள் அவள் அறிக்கையை நம்பினார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் நாற்பது விவசாயிகள் அவள் முறைக்கு வந்தார்கள். மண் பிரிவுக்கே அவள் தலைவி ஆனாள். தலைவி ஆனபிறகும் குழியைத் தன் கையால்தான் தோண்டினாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அந்த மூன்று குழியையும் திறந்து பார்ப்பாள். அத்தை வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சூளைக்காரரும் விடாமல் வந்து நிற்பார். சுற்றிலும் நிலம் பொங்கிக் கிடக்கும். கால் வைத்தால் அமுங்கும். அந்த மூன்று இடத்தில் மட்டும், கையளவு வட்டத்துக்குள், ஒன்றும் அசையாது. துணி வெள்ளையாக வரும். எடை போட்டு எழுதிவிட்டு மறுபடி படுக்க வைப்பாள். ஆரம்பத்தில் அத்தை, "இருக்கா?" என்று கேட்பாள். நாலைந்து வருஷம் போனபிறகு, "இருக்கானா?" என்று கேட்க ஆரம்பித்தாள். துணிக்காரி அதைத் திருத்தவில்லை. "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழிக்குப் போவாள்.

பதினோராவது வருஷம். அத்தைக்குக் கண் பாதிதான் தெரிகிறது, வரப்பு வரைக்கும் இரண்டு பேர் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சூளைக்காரருக்கும் தலை நரைத்துவிட்டது. முதல் குழியில் துணி இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது.

மூன்றாவதில் அவள் கை மண்ணுக்குள் போனபோதே ஏதோ விரலில் ஊர்ந்தது. மண்ணை விலக்கினாள். புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. கையளவு வட்டமும் இல்லை, வெள்ளையும் இல்லை. பத்து வருஷமாக எடையில் ஒரு சிட்டிகை குறையாத துணி, ஒரு வருஷத்துக்குள் இழைகூட மிச்சமில்லாமல் போயிருந்தது. இன்னும் ஒரு முழம் அகலத்துக்குத் தோண்டினாள். பன்னிரண்டு முடிச்சுப் போட்ட நைலான் நூல் மட்டும் கிடைத்தது.

"இருக்கானா?" என்றாள் அத்தை.

துணிக்காரி வரப்பைப் பார்த்தாள். சூளைக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் யார் வந்து குழிக்குள் பார்க்கப் போகிறார்கள்? வாய் வரைக்கும் வந்தது.

"இங்க இல்ல அத்தை" என்றாள்.

அத்தை முகத்தைக் குழிப் பக்கம் திருப்பினாள். பிறகு தலையை ஆட்டினாள். "விழுந்த இடத்துலேர்ந்து எழுந்து போயிட்டான். போகட்டும்."

சூளைக்காரர் தொண்டையைச் செருமினார். "மத்த ரெண்டு?"

"இருக்கு."

அவர் மூன்றாவது குழியை எட்டிப் பார்த்தார். முன்பு மாதிரி எதுவும் சொல்லிச் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் வரணுமா நான்?" என்று கேட்டார், வர வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற மாதிரி.

"எழுதிக் குடுத்திருக்கோமே. வாங்க" என்றாள் அவள். குறிப்பேட்டில் பன்னிரண்டாம் நம்பருக்கு நேரே, எஞ்சிய எடை என்கிற கட்டத்தில், ஏதும் இல்லை என்று எழுதினாள். மண்வெட்டி பட்டால் புழு அறுபடும் என்று குழியைக் கையாலேயே மூட ஆரம்பித்தாள்.